தக்கையை இறுக்கிய சண்முகவேல்

நாமக்கல் பைபாஸ் ஓரத்துப் பட்டறையில் இருபத்தாறு வருஷமாக லாரிகளுக்கு ஏர் பிரேக் வேலை பார்க்கும் சண்முகவேலுக்குக் கண் சுமார்தான். காது மட்டும் பாம்புச் செவி. எங்கே 'புஸ்' என்று கேட்டாலும் போய் இறுக்கிவிட்டுத்தான் மறுவேலை. கல்யாணமான புதிதில், மாமியார் வீட்டில் குக்கர் விசிலடித்ததும் எழுந்து ஓடி ஸ்பேனர் தேடிய ஆள். அதை அவரே ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

ஒன்பதாவது படிக்கும் மகள் பிரீத்தி, அறிவியல் கண்காட்சிக்காக ஒரு பாட்டில் தயார் செய்தாள். உள்ளே நாலு சொட்டு ஸ்பிரிட்டும் சின்னத் தெர்மாமீட்டரும்; வாயில் டியூப் வால்வு செருகிய ரப்பர் தக்கை. சைக்கிள் பம்பால் காற்றடித்து நெருக்கினால் உள்ளே சூடேறும். தக்கையைப் பிடுங்கினால் காற்று சட்டென்று விரியும். வெளியிலிருந்து சூடு வாங்க நேரமில்லாமல் குளிர்ந்து, பாட்டிலுக்குள் மேகம் கட்டும். தேர்வானால் மாவட்டப் போட்டிக்குப் போகலாம். போன வருஷம் அவள் வைத்த மோட்டார் ஓடாமல் போய், இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

"சூடேறுறது எனக்குத் தெரியாதா சாமி? கம்ப்ரஸர் பைப்பத் தொட்டுக் கை வெந்தவன் நானு" என்று பெருமையடித்துக்கொண்ட சண்முகவேல், மகள் விளக்கிய மீதியைக் காதில் வாங்கவே இல்லை.

கண்காட்சியன்று காலை அவள் குளிக்கப் போனபோது தக்கையை அசைத்துப் பார்த்தார். ஆடியது. விடுவாரா? கசிவை அடைக்கும் டெஃப்லான் டேப் சுற்றித் திணித்து, கம்பி போட்டு முறுக்கி, அவள் ஒட்டியிருந்த வண்ணக் காகிதத்தைப் பழையபடி மேலே மூடினார். போன வருஷம் போல ஆகாது என்று அவருக்குப் பரம திருப்தி.

பள்ளியில், அப்பாவும் பக்கத்தில் நிற்க, நடுவராக வந்த டீச்சர் முன்னால் பிரீத்தி பம்பு அடித்தாள். தெர்மாமீட்டர் ஏறியது. தக்கையைப் பிடுங்கினாள். வரவில்லை. காகிதத்தைக் கிழித்தாள், கம்பி தெரிந்தது.

"ஏனுங்கப்பா, என்ன பண்ணுனீங்க?"

"காத்து போயிருமேன்னு இறுக்கிட்டேன் சாமி."

"போறதுக்குத்தானுங்கப்பா அத வெச்சதே!"

கூடமே சிரித்தது. சண்முகவேலுக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது. பாக்கெட்டிலிருந்த கட்டிங் பிளேயரை எடுத்துக் கம்பியை வெட்டினார். தக்கை பறந்துபோய் மின்விசிறியில் மோதியது. பாட்டிலுக்குள் வெள்ளையாக மேகம் கட்டியது.

அப்போதுதான் உள்ளே வந்த இன்னொரு நடுவர், "நான் பாக்கலியே, இன்னொருக்கா காட்டும்மா" என்றார்.

பிரீத்தி தக்கையைத் தேடி எடுத்து வந்து அப்பாவிடமே நீட்டினாள். "நீங்களே மாட்டுங்கப்பா. லூசா."

லூசாக மாட்டினார். தெரிந்தே அவர் செய்த மட்டமான வேலை அது ஒன்றுதான். அதைப் பார்த்துத்தான் மகளை மாவட்டப் போட்டிக்குத் தேர்ந்தெடுத்தார்கள்.