பதினோராவது ஆள்

போன வாரம் பேரன் தன் கைபேசியில் ஒரு பழைய பிரெஞ்சுப் படத்தைப் போட்டுக் கொடுத்தான். வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது, நடுவில் ஏழு விளம்பரம். ஆனாலும் முழுக்கப் பார்த்தேன். எட்டு வயதில் புதுச்சேரிக் கொட்டகையில் பார்த்த அதே படம். போரில் மூழ்கிப்போன ஒரு நீர்மூழ்கிக் கப்பலின் கதை.

அன்று அப்பா எங்களை அழைத்துப்போனது அத்தைக்காக. அத்தையின் வீட்டுக்காரர் பிரெஞ்சுக் கடற்படையில், அப்படிப்பட்ட ஒரு கப்பலில் சமையல்காரர். கப்பல் மூழ்கிவிட்டதாகத் தகவல் வந்து மூன்று வருடமாகியிருந்தது. உடல் வரவில்லை. இருபத்தாறு வயது அத்தை தாலியைக் கழற்றவில்லை, இறந்தவருக்காகக் கோவிலில் வைக்கும் ஆன்ம பூசைக்கும் சம்மதிக்கவில்லை. கல்லறைத் திருநாளில் எல்லாரும் உள்ளே மெழுகுவத்தி ஏற்றும்போது அவள் மட்டும் கல்லறைத் தோட்டத்து வாசலிலேயே நிற்பாள். பக்கத்தில் சாரம் என்ற ஊரில், மனைவியை இழந்த ஓர் ஆசிரியர் அவளைக் கட்டிக்கொள்ளத் தயாராக இருந்தார். அந்த ஒரு பூசைக்கு அவள் சரி என்றால் போதும். சொல்லிச் சொல்லி அலுத்துப்போன அப்பா, கண்ணால் பார்த்தால் நம்புவாள் என்று டிக்கெட் எடுத்தார்.

வசனம் எனக்குப் புரியவில்லை. எண்ணத் தெரியும், எண்ணினேன். தண்ணீர் புகுந்த அறைக்குள் பதினொரு பேர் இருக்கும்போதே இரும்புக் கதவை மூடச் சொன்னான் கப்பல் தலைவன்.

அப்பா அத்தை பக்கம் சாய்ந்தார். "பாத்தியா? கதவ மூடிட்டா அவ்ளோதான். இன்னும் யாருக்காகக் காத்துக்கினு இருக்க?"

"படம் முடியட்டும்ண்ணா."

கடைசியில் கப்பலைத் தூக்கி, அந்த அறையில் இருந்தவர்களின் உடல்களைத் துறைமுகத்தில் வரிசையாகக் கிடத்தினார்கள். தாலியைப் பிடித்திருந்த அத்தையின் கை மெல்ல மடியில் இறங்கியது.

"அத்த, பத்துதான் இருக்கு," என்றேன். "ஒருத்தர் குறையுறாரு."

அவள் நிமிர்ந்தாள். "நல்லா எண்ணினியாடா?"

"ரெண்டு வாட்டி எண்ணுனேன்."

அப்பா என் தலையில் குட்டினார். "பள்ளிக்கூடத்துல கணக்குல முட்ட வாங்கு. இங்க வந்து பொணம் எண்ணு."

"புள்ளைய ஏன் அடிக்கிற? அவன் சரியாத்தான் சொல்றான்," என்றாள் அத்தை. வெளியே வந்ததும் எனக்குப் பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்தாள். அப்பா எங்களுக்கு முன்னால், திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

சாரத்து ஆசிரியர் அடுத்த தை மாதம் வேறு பெண்ணைக் கட்டினார். அத்தை எங்கள் பின்கட்டு அறையில், அடுத்தவர் பிள்ளைகளுக்குத் தலை வாரிவிட்டு, துணி துவைத்து, எழுபது வயதுவரை இருந்தாள். தாலியோடுதான் புதைத்தோம்.

போன வாரமும் நிறுத்தி நிறுத்தி எண்ணிப் பார்த்தேன். பத்துதான். என் கணக்கில் பிழை இல்லை. பிணமாகப் படுக்க வரவேண்டிய ஒருவன் அன்றைக்குப் படப்பிடிப்புக்கு வரவில்லை, அவ்வளவுதான். சோடாவைக் குடித்தபடி அத்தையின் கையைப் பிடித்து நடந்தபோது எனக்கு அது தோன்றவில்லை. பதினோராவது ஆள் எங்கோ நீந்திக் கரையேறிவிட்டார் என்று நானும்தான் நம்பினேன்.