டிரையரில் கழற்றிய வயர்

அந்த வயரை விரலில் சுற்றிப் பார்த்துத்தான் கொடுத்தேன். தோல் வெடிக்காமல் வளைந்தது. நல்ல வயர் என்று சொல்லிவிட்டேன். தேயிலை ஃபெக்டரியில் முப்பது வருடம் எலக்ட்ரீஷியனாக இருந்தவனுக்கு விரல்தான் மீட்டர் என்ற திமிர்.

இலையைக் காயவைக்கும் டிரையரை ஒட்டிப் பல வருடம் வெந்த வயர் அது. புது வயர் இழுத்தபோது கழற்றினோம். ஃபெக்டரியில் கழற்றியதை தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்குக் கொண்டுபோவது எங்கள் பக்கத்து வழக்கம். ரோலர் ரூமில் வேலை செய்த சந்திரன் வந்து கேட்டான்.

“அண்ணே, குசினிக்கு ஒரு பல்ப் போடணும். லெச்சுமி இருட்டுல கெடந்து சமைக்குது.”

வயர் கையில் ஒட்டியது. மெஷின் எண்ணெய் என்று நினைத்து, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக் கொடுத்தேன்.

வயர் கொடுத்த ஏழாவது மாதம் ஒரு மழை நாளில், கொழுந்தெடுத்துவிட்டு நனைந்து வந்த சந்திரனின் மனைவி லெச்சுமி குசினித் தகரத்தில் கை வைத்தாள். கரண்ட் கசிந்தால் தானே துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் அந்த லயத்தில் கிடையாது. நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது உயிர் போய்விட்டிருந்தது. அடுப்புக்கு மேலே வயரின் தோல் அப்பளம் போல நொறுங்கி, செம்பு தகரத்தில் பட்டுக்கொண்டிருந்தது. பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. வாயைத் திறக்கவில்லை.

பிறகு ஃபெக்டரிக்கு வந்த கேபிள் இன்ஜினியரிடம், யாருக்கோ நடந்ததுபோல் கேட்டேன்.

“பிவிசி வளையிறதுக்குப் பிளாஸ்டிசைசர்னு ஒரு எண்ணெய் சேர்ப்பாங்க. சூட்டுல அது கெடாம இருக்கக் கொஞ்சம் ஆன்டிஆக்சிடன்ட். எண்ணெய்க்கு விழுற அடிய அது வாங்கிக்கும். அது இருக்கிற வரைக்கும் வயர் புதுசு மாதிரிதான். தீர்ந்துட்டா எண்ணெய் மளமளன்னு கெட்டு வெளிய கசியும், கையில ஒட்டும். மேல சூடு பட்டா காய்ஞ்சு வெடிச்சிரும்.”

எண்ணெயைக் காப்பாற்ற வேண்டிய ஆன்டிஆக்சிடன்டை டிரையர் சூடே தின்று தீர்த்திருந்தது. மிச்சத்தை அடுப்பு முடித்தது. ஒட்டும் வயரைத் துடைக்காதீர்கள், சாண் சாணாக வெட்டிப் போடுங்கள் என்று இன்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.

சந்திரனிடம் சொல்லத்தான் நாலு மாதம் பிடித்தது. பயம், வேறொன்றுமில்லை.

“நான் ஆணி அடிச்சப்ப தோலு கிழிஞ்சிருச்சுன்னுல்ல நெனச்சேன்” என்றான். “நாந்தான் கொன்னுட்டேன்னு அவ அம்மா கால்ல விழுந்தேனேண்ணே.”

தப்பு தெரிந்த அன்றைக்கே போய்ச் சொல்லிவிட வேண்டும். நான் சொல்லவில்லை.