ஜீவராணியின் வார்டில் யாரும் கத்துவதில்லை

இலங்கை மலைநாட்டில் நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே இருக்கிற அந்தத் தேயிலைத் தோட்டத்தில், ஜீவராணி நர்ஸாக வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி வார்டுக்கு நோயாளியாகப் போவதென்றால் சில சட்டங்கள் உண்டு. குளித்துவிட்டுப் போக வேண்டும். வெளுத்த உடுப்பு உடுத்த வேண்டும். வாயில் வெற்றிலை இருக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, என்ன நடந்தாலும் கத்தக் கூடாது. கால் முறிந்தவன் எப்படிக் குளிப்பான் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தலைவர் மூக்கனுக்குக் கோபம் வந்திருக்கும்.

இந்தச் சட்டங்கள் பிறந்த இடம் மாரியம்மன் கோயில் வாசல். எலும்பு முறிந்த நோயாளிகளைப் பராமரிப்பதற்கான மேற்பயிற்சிக்கு ஜீவராணி கொழும்புக்குப் புறப்பட்ட வாரம், தோட்டமே கூடி அவளுக்குப் பொன்னாடை போர்த்தியது. தொழிற்சங்கத் தலைவர் மூக்கன் மைக்கைப் பிடித்தார். பிடித்தால் லேசில் விடமாட்டார் என்பது ஊரறிந்த விஷயம்.

"ஆஸ்பத்திரியில நம்மளப் பத்தி என்ன பேசிக்கிறாங்க? தோட்டத்து ஆளுங்கன்னா சத்தம், அழுக்கு, ஒப்பாரின்னு பேசிக்கிறாங்க. இப்ப நம்ம லயத்துப் புள்ளயே அங்க நர்ஸ் மிஸ்ஸா இருக்கு. இனிமே ராணி வார்டுக்குப் போற எவனும் அந்தப் புள்ளயத் தல குனிய வைக்கக் கூடாது, சொல்லிட்டேன்!"

கூட்டம் கைதட்டியது. எல்லோரையும் விடப் பலமாகத் தட்டியவர் அழகுமுத்து. தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் ஓர் அறையைக் காம்பரா என்பார்கள். ஜீவராணி பிறந்த காம்பராவுக்கு அடுத்த காம்பரா அவருடையது. தேயிலைச் செடியின் கிளைகளைக் கழிக்கிற, கவ்வாத்து வெட்டுகிற ஆள். கத்தி பிடித்துக் காய்த்துப்போன கை என்பதால் அந்தத் தட்டல் தனியாகக் கேட்டது. ஜீவராணிக்குக் கூச்சமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? வேலைக்குச் சேர்ந்த புதிதில், அவள் காதுபடவே "ஒங்க ஆளுங்க வந்துட்டாங்க" என்று சொல்லி மூக்கைச் சுளித்தவர்களை அவள் மறந்துவிடவில்லை.

கொழும்பில் பாடம் இங்கிலீஷில் நடந்தது, வேடிக்கைப் பேச்சு சிங்களத்தில் நடந்தது, பயம் மட்டும் அவளுக்குத் தமிழில் வந்தது. ஆனாலும் அவள் சளைக்கவில்லை. எலும்புக்குள் ஏற்றிய கம்பியைச் சுற்றிப் புண் வராமல் துடைக்கக் கற்றாள். இடுப்பு மூட்டு மாற்றியவரை, கால்களுக்கு நடுவே தலையணை வைத்துப் புரட்டக் கற்றாள். எடை தொங்கவிட்ட காலை அலுங்காமல் கழுவக் கற்றாள். தோட்டத்தில் மரத்திலிருந்து விழுகிறவர்களும், கூடையோடு வழுக்குகிறவர்களும் அவள் கண்முன் வந்துகொண்டே இருந்ததால், எந்தப் பாடமும் அவளுக்குப் புத்தகப் பாடமாகத் தோன்றவில்லை.

ஒரே ஒரு பாடம்தான் அவளை நடுங்க வைத்தது. முழங்காலுக்குக் கீழே தசைகள் தனித்தனி அறைகளில் இருக்கின்றன என்றார் விரிவுரையாளர். அந்த அறைகளின் சுவர் விரிந்து கொடுக்காது. எலும்பு முறிந்து உள்ளே இரத்தம் கசிந்து தசை வீங்கினால், நெரிசலில் இரத்த ஓட்டம் நின்று தசை செத்துப்போகும். ஜீவராணி லயத்தை நினைத்துக்கொண்டாள். ஒரு காம்பராவுக்குள் மூன்று குடும்பத்தை அடைத்தால் சுவரா விலகும்? உள்ளே இருப்பவர்களுக்குத்தான் மூச்சு முட்டும். சில மணி நேரம் கவனிக்காமல் விட்டால் கால் போய்விடும், சில வேளை ஆளே போய்விடலாம் என்றார் அவர். காலில் நாடி துடிக்கிறதே என்று ஏமாந்துவிடாதீர்கள். கடைசி வரை அது துடிக்கும். முதலில் வருகிற எச்சரிக்கை வலி மட்டும்தான், மருந்துக்கும் அடங்காத வலி. ஆகவே நோயாளியிடம் வலியைக் கேளுங்கள். பூஜ்யத்திலிருந்து பத்து வரை ஓர் எண் சொல்லச் சொல்லுங்கள். அவர் சொல்வதை நம்புங்கள்.

அந்தக் கடைசி வார்த்தை அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது. தோட்டத்து ஆள் வலிக்கிறது என்றால், வேலைக்குக் கள்ளம் பண்ணுகிறான் என்றே கேட்டுப் பழகிய காது அவளுடையது. நம்புங்கள் என்று ஒருவர் சொன்னதும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

பயிற்சி முடித்து அவள் திரும்பி வந்த பிறகு, ஓர் ஆடி மாத மழையில், விடிந்ததுமே வேலைக்கு ஏறிய அழகுமுத்து மலையில் வழுக்கினார். கால் மழைநீர் ஓடுகிற கானுக்குள் மாட்டிக்கொள்ள, உடம்பு மறுபக்கம் திரும்பி, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. தூக்கிவந்தவர்கள் நேரே வேனில் ஏற்றப் பார்த்தார்கள். அவர் விடவில்லை. லயத்து வாசலில் உட்கார்ந்து, மனைவி வீரம்மாவிடம் வெந்நீர் கேட்டு முகம் கைகால் கழுவி, வெள்ளைச் சட்டை மாட்டி, தலை சீவிய பிறகுதான் ஏறினார். கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி வந்து இறங்கியவரைப் பார்த்து ஜீவராணி சிரித்துவிட்டாள்.

"என்ன மாமா, பொண்ணு பாக்கவா வந்தீங்க?"

"சும்மா இருங்க மிஸ்," என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. பிறந்த நாளிலிருந்து வாடி, போடி என்று அழைத்தவர், வார்டு வாசலைத் தாண்டியதும் 'மிஸ்' ஆக்கிவிட்டார்.

டொக்டர் எலும்பை இழுத்து நேராக்கி, காலுக்குப் பின்னால் மாவுக்கட்டு வைத்து, மேலே பாண்டேஜ் சுற்றினார். வீக்கம் குறையட்டும், பிறகு கம்பி போடலாம் என்றார். வலியைக் கவனமாகப் பார்க்கச் சொல்லிவிட்டுப் போனார். அவர் சொல்லித்தானா ஜீவராணி பார்க்க வேண்டும்? அன்று காலை முழுவதும் அவள் அந்தக் கட்டிலையே சுற்றிச் சுற்றி வந்தாள்.

"மாமா, வலி பத்துல எத்தன?"

"ரெண்டு மிஸ்."

மறுபடியும் கேட்டாள். ரெண்டு. மருந்து கொடுத்துவிட்டுக் கேட்டாள். ரெண்டுதான். விரல் நுனியை அழுத்திப் பார்த்தாள், நிறம் திரும்பி வந்தது. பாதத்தில் நாடி துடித்தது. முகம் மட்டும் வேர்த்திருந்தது. வார்டு புழுக்கம் என்றார். மலைநாட்டில், மழைநாளில், என்ன புழுக்கம்? அந்தக் கேள்வி அவளுக்கு அப்போது தோன்றவில்லை. பயிற்சியில் சொன்னபடி கேட்டாள், சொன்னபடி நம்பினாள்.

கூட வேலை பார்த்த சந்தமாலி என்ற சிங்கள நர்ஸ் தனக்குத் தெரிந்த தமிழில் பாராட்டினாள். "அக்கே, ஒங்க தோட்டம் ஆள் ரொம்ப நல்லம். அந்தக் கட்டில் ஆள் எவ்வளவு சத்தம்! இவங்க ஒரு சத்தம் இல்ல."

ஜீவராணிக்கு உள்ளம் குளிர்ந்தது. மூக்கைச் சுளித்தவர்கள் இப்போது வந்து பார்க்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

வேனில் கூட வந்துவிட்டு வீட்டுக்குப் போயிருந்த வீரம்மா, பகல் பார்வையாளர் நேரத்தில் திரும்பி வந்தாள். நல்ல சேலை, பூ, கையில் சோற்றுப் பாத்திரம். கணவனின் தலைமாட்டில் கிடந்த துவாயை மடிக்க எடுத்தவள், விரித்துப் பார்த்துச் சிரித்தாள். அது ஈரமாக இருந்தது. ஓரம் முழுவதும் நூல் நூலாகக் கிழிந்து தொங்கியது.

"இங்க பாருங்க மிஸ், ஒங்க மாமா பண்ணியிருக்கத!" என்று பெருமையாகக் காட்டினாள். "வேன்ல வரும்போதே சொன்னாரு. உசுரு போனாலும் ராணி வார்டுல வாயத் தொறக்க மாட்டேன், துவாயக் கடிச்சிக்கிறேன்னு. சொன்ன மாதிரியே செஞ்சிட்டாரு பாத்தீங்களா?"

ஜீவராணிக்கு ஒரு நொடி ஒன்றும் புரியவில்லை. துவாயைப் பார்த்தாள். அழகுமுத்துவைப் பார்த்தாள். அவர் திருட்டுத்தனம் பிடிபட்டவரைப் போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்போதுதான் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலையிலிருந்து அவள் கேட்டு எழுதிய 'ரெண்டு' எல்லாம் என்ன?

அவள் அவருடைய கால் பெருவிரலைப் பிடித்து மெல்லக் கீழ்நோக்கி வளைத்தாள். சாதாரண முறிவென்றால் அதற்குப் பெரிதாக வலிக்காது. அழகுமுத்துவின் முதுகு மெத்தையிலிருந்து வில்லாய் வளைந்து எழுந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. கண்களிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. வாயிலிருந்து ஒரு சத்தம் வரவில்லை.

ஜீவராணிதான் கத்தினாள். அந்த வார்டில் அப்படியொரு கத்தலை அதுவரை யாரும் கேட்டதில்லை. "டொக்டரக் கூப்பிடு! இப்பவே!" என்று அவள் சிங்களத்தில் அலறியதில் சந்தமாலி தட்டை நழுவவிட்டு ஓடினாள். ஜீவராணி காலுக்கு அடியில் உயரமாக வைத்திருந்த தலையணையை உருவி எறிந்தாள். இரத்தம் போகாத காலை உயர்த்தி வைத்தால் கேடு இன்னும் கூடும். பெரிய கத்தரியை எடுத்துப் பாண்டேஜை மேலிருந்து கீழ் வரை வெட்டினாள். உள்ளே இருந்த பஞ்சையும் தோல் தெரியும் வரை வெட்டித் திறந்தாள். முழங்காலுக்குக் கீழே காலின் முன்பக்கம் பளபளத்து, கல்லாக இறுகிக் கிடந்தது.

"என்னாச்சு ராணி? என்னடி ஆச்சு?" வீரம்மாவுக்கு மிஸ் மறந்துவிட்டது.

"கட்டுறப்பவே வலிச்சுதா மாமா? சொல்லுங்க! எத்தன?"

அவர் அடுத்த கட்டில்காரரைப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "மொதல்ல இருந்தே பத்துக்கு மேலதான் ம்மா. இப்ப பாதம் மரத்துக்கிட்டு வருது."

டொக்டர் ஓடிவந்து காலைத் தொட்டுப் பார்த்த உடனே தியேட்டருக்குச் சொல்லிவிட்டார். கதவு மூடிய பிறகு வெளியே வாங்கில் வீரம்மாவும் ஜீவராணியும் உட்கார்ந்தார்கள். வீரம்மா அந்தத் துவாயை இன்னும் கையில் வைத்திருந்தாள்.

"ஒனக்குக் கெட்ட பேரு வந்திரக் கூடாதுன்னுதானே? நாங்க என்ன தப்புப் பண்ணுனோம் ராணி?"

ஜீவராணி அந்தத் துவாயை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அவளுக்கு அதிர்ச்சி அடங்கவேயில்லை. ஒன்றையும் அவள் தவறவிடவில்லை, அதுதான் கொடுமை. வேளாவேளைக்குக் கேட்டாள், தொட்டாள், எழுதினாள். கொழும்பில் எத்தனையோ சொல்லிக்கொடுத்தார்கள். தன்மேல் வைத்த பாசத்துக்காக ஒரு மனிதன் தன் காலையே பலி கொடுப்பான் என்று அங்கே யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எங்கிருந்து சொல்வார்கள்? அவர்கள் யாரும் அந்தக் கோயில் வாசலில் நின்றதில்லையே. அவள் நின்றாள். கைதட்டலைக் கேட்டாள். கேட்டுச் சந்தோஷமும் பட்டாள்.

தசையைத் திறந்து நெரிசலைக் குறைத்தாகிவிட்டது என்று டொக்டர் வெளியே வந்து சொன்னார். கால் தப்பும். ஆனால் முன்பக்கத் தசையில் பெரும்பகுதி செத்துவிட்டது. பாதத்தை இனித் தானாகத் தூக்க வராது, தடுக்கித் தடுக்கித்தான் நடக்க வேண்டியிருக்கும். காலையிலேயே தெரிந்திருந்தால் முழுவதும் பிழைத்திருக்கும் என்றார். அவர் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனாலும் அது அவள் நெஞ்சில் தைத்தது. பாதம் தூக்க வராத ஆள் மலைச்சரிவில் நின்று எப்படிக் கவ்வாத்து வெட்டுவார்?

மறுநாள் தலைவர் மூக்கன் ஹோர்லிக்ஸ் போத்தலோடு வந்தார். வார்டு வாசலிலேயே ஜீவராணியைப் பிடித்துக்கொண்டு, "கேள்விப்பட்டேன் புள்ள. கடைசி வரைக்கும் கத்தலியாமே! நம்ம தோட்டத்து மானத்தக் காப்பாத்திட்டான்யா அழகுமுத்து" என்றார்.

ஜீவராணிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "தலைவரே, கோயில்ல மைக்கப் புடிச்சி நீங்க சொன்னீங்கல்ல? அதே மைக்கப் புடிச்சி, என் வார்டுக்கு வர்றவங்க எல்லாரும் கத்தணும்னு சொல்லுங்க. வலிச்சா கூரை பறக்கக் கத்தணும். என் பேரு நாறட்டும், பரவாயில்ல. அவரு காலு போச்சு தலைவரே!"

மூக்கன் பேச்சிழந்து நின்றதை அந்த ஊரில் பார்த்தவர்கள் குறைவு. அவர் ஹோர்லிக்ஸ் போத்தலை வீரம்மா கையில் கொடுத்துவிட்டு, வெளியே போய் மழையில் நின்றார்.

அன்று புண்ணுக்கு மருந்து மாற்றும் நேரம் வந்தது. திறந்த தசைமேல் வைத்த துணியை எடுப்பது லேசான வலியல்ல. ஆண்பிள்ளைகள் ஆளை விடு என்று அலறுவார்கள். ஜீவராணி ஊசி மருந்து கொடுத்து, அது வேலை செய்யும் வரை காத்திருந்து, திரையை இழுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். தலைமாட்டில் துவாய் எதுவும் இல்லை என்று பார்த்துக்கொண்டாள். துணியின் ஓரத்தைக் கிளப்பியதும் அழகுமுத்துவின் உடம்பு விறைத்தது.

"எத்தன மாமா?"

"ரெண்..." என்று தொடங்கியவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

"கத்துங்க மாமா. எனக்காகக் கத்துங்க." அவள் அழுதுகொண்டிருந்தாள்.

அழகுமுத்து திரையின் இடைவெளி வழியே வார்டைப் பார்த்தார். சந்தமாலி மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். அவள் தாண்டிப் போகும் வரை பொறுத்திருந்தார். பிறகு ஜீவராணியின் கையைப் பிடித்து, அவள் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "ஐயோ" என்றார்.