மூணு கொட்டேஷன் வெங்கிடாசலம்

தேநீர்க் கடைத் தட்டில் வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பழம்பொரியில் மூன்றாவதையும் திருப்பிப் பார்த்துவிட்டு, முதலில் பார்த்ததையே எடுத்தார் வெங்கிடாசலம். "சேட்டா, சாயா ஆறுது" என்றார் கடைக்காரர். "ஆறட்டும். ஒண்ணை மட்டும் பார்த்து எடுக்கிறது கண்ணை மூடிட்டு எடுக்கிறதாக்கும். மூணு பார்க்கணும்." ஆறிப்போன தேநீரை முகம் சுளிக்காமல் குடித்து முடித்தார்.

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மிளகும் சுக்கும் வற்றலும் விற்கிற கிடங்குக்காரர்களின் சங்கத்துக்கு அவர் பதினோரு வருடமாகச் செயலாளர். வீட்டில் தமிழ், சங்கத்தின் மினிட் புத்தகத்தில் மலையாளம், கோபம் வந்தால் இரண்டும். ஒரு மழைக்காலத் தொடக்கத்தில் குடை வாங்க மூன்று கடை ஏறி இறங்கி, நனைந்து, காய்ச்சலில் விழுந்தார். காய்ச்சலுக்கும் மூன்று டாக்டர் பார்க்க நினைத்தார். மூன்றாமவரிடம் போவதற்குள் அது தானாக விட்டுவிட்டது. அதையும் தன் முறைக்குக் கிடைத்த வெற்றியாகவே சொல்லிக்கொள்வார்.

இப்படிப்பட்டவர் கையில்தான் மாநகராட்சியின் நோட்டீஸ் வந்து சேர்ந்தது. சங்கத்தின் பின்முற்றத்தில் மலைபோல் கிடக்கும் அட்டைப்பெட்டி, சாக்கு, பிளாஸ்டிக் தாள் எல்லாவற்றையும் அமுக்கிக் கட்டி மறுசுழற்சிக்கு அனுப்ப ஓணத்துக்குள் ஏற்பாடு செய்யவேண்டும். இல்லாவிட்டால் முற்றம் பூட்டப்படும். பூட்டினால் முதலாளிகளுக்குக் குப்பை கொட்ட இடம் போகும். அங்கே உட்கார்ந்து அட்டை பிரிக்கும் ஏழு பெண்களுக்கு வேலையே போகும். அவர்களுக்குத் தலைவி மாதிரி இருந்தவள் அமுதவள்ளி, தென்காசிப் பக்கத்துக்காரி.

"ஒரு மெஷின் வாங்கணும். அதுக்கு நல்ல கம்பெனியாப் பார்க்கணும். அவ்வளவுதானே?" என்றார்கள் உறுப்பினர்கள். அவ்வளவுதான் என்று விட்டுவிட வெங்கிடாசலத்தால் முடியவில்லை. நீளத் தாள் ஒன்றில் இருபத்தேழு கட்டம் போட்டார். கம்பெனி எந்த ஊர், எத்தனை வருட அனுபவம், வந்த ஆள் நேரத்துக்கு வந்தாரா, சட்டை இஸ்திரி போட்டிருந்தாரா, விளம்பரத் தாள் வழவழப்பாக இருந்ததா என்று போனது அது. ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு மதிப்பெண்.

ஒருநாள் அமுதவள்ளி அந்தத் தாளை எட்டிப் பார்த்தாள். "சார், சாக்கு நூலு உள்ள போயிச் சுத்திக்கிட்டா அந்த மெஷினு என்ன செய்யும்னு கேளுங்க. நமக்கு வார அட்டையில பாதி நூலுதான் கெடக்கு."

வெங்கிடாசலம் தாளை மேலிருந்து கீழே தேடினார். "அதுக்கு இதுல கட்டம் இல்லையே, அமுதவள்ளி" என்றார், உண்மையான வருத்தத்தோடு.

மூன்று கம்பெனிகள் வந்தன. முதலாவது ஆள் தாமதமாக வந்ததால் ஏழு மதிப்பெண் இழந்தார். இரண்டாவது ஆளின் விளம்பரத் தாள் சொரசொரவென்று இருந்தது. மூன்றாவதாக பெங்களூரிலிருந்து ரோஹன் வந்தான். சட்டையில் ஒரு மடிப்புக் கலையவில்லை. கையகலத் திரையில் படம் ஓட்டினான். காடு வந்தது, மான் வந்தது, அருவி கொட்டியது, ஒரு குழந்தை சிரித்தது. மெஷின் மட்டும் வரவில்லை.

"சார், நாங்க மெஷின் விக்கறதில்ல. உங்களோட ஒரு பசுமைப் பயணத்துல கூட வர்றோம்" என்றான் ரோஹன்.

வெங்கிடாசலத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. 'காட்சி' என்ற கட்டத்தில் பத்துக்குப் பத்து போட்டார். பதினோரு வருடத்தில் அவர் யாருக்கும் கொடுக்காத மதிப்பெண் அது.

ஓணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது ரோஹனின் பசுமைப் பயணம் தெருமுனையில் நின்றது. மெஷினைச் சுமந்து வந்த லாரி சந்துக்குள் திரும்பவில்லை. சுமைதூக்கும் ஆட்கள் உருளைக் கட்டை வைத்து அரைநாள் தள்ளி அதைப் பின்முற்றத்துக் கொட்டகை வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே பார்த்தால், ஓட்டுக்கூரையின் உத்தரத்தைவிட மெஷின் ஒரு சாண் உயரம்.

போனில் கூப்பிட்டபோது ரோஹன் பொறுமையாகச் சொன்னான்: "இடத்தைத் தயார் பண்றது உங்க பக்கம் சார். கூரையை எடுத்துட்டா போதும்."

நூறு வருடக் கட்டடத்தின் கூரை. சுற்றி நின்ற உறுப்பினர்கள் செயலாளரைப் பார்த்தார்கள். அவர் தாளைப் பார்த்தார். இருபத்தேழு கட்டத்தில் கூரைக்கு ஒன்றுகூட இல்லை. மெஷின் வந்த வழியே திரும்பிப் போனது. அன்று மாலை அவர் சாயாக் கடையில் ஒரே ஒரு பழம்பொரியைப் பார்க்காமலே எடுத்துத் தின்றார். கடைக்காரர் பயந்துபோய், "சேட்டனுக்குச் சுகமில்லையோ?" என்று கேட்டார்.

மறுநாள் காலை வெங்கிடாசலம் அளவு நாடாவோடு பின்முற்றத்துக்கு வந்தார். நாடாவின் மறுமுனையை அமுதவள்ளி பிடித்துக்கொண்டாள். வாசல், உத்தரம், மின்சாரப் பெட்டி, கடல் ஏற்றத்தின்போது காயல் தண்ணீர் ஏறி நிற்கும் கோடு எல்லாவற்றையும் அளந்தார்கள்.

"நீ இந்த மாதிரி மெஷின்ல வேலை செஞ்சிருக்கியா?" என்றார், குரலைத் தாழ்த்தி.

"தோப்பும்படியில நாலு வருசம் செஞ்சேன்லா. மீன்பெட்டி அட்டை எல்லாம் நாந்தான் அமுக்குவேன். சஜ்ஜாத்து காக்கா செஞ்ச மெஷினு."

"பின்னே சொல்லவேயில்லையே?"

"நீங்க கேக்கவேயில்லையே, சார்."

அன்றைக்கே இருவரும் பஸ் ஏறித் தோப்பும்படிக்குப் போனார்கள். மெஷின் தேடத் தொடங்கிய நாலு மாதத்தில் ஓடுகிற மெஷின் ஒன்றை வெங்கிடாசலம் பார்த்தது அன்றுதான். பட்டறை சிறியது. சஜ்ஜாத் கையெல்லாம் கிரீஸ். ஈர அட்டையைப் போட்டுக் காட்டச் சொன்னாள் அமுதவள்ளி, காட்டினார். நூலைப் போட்டாள், சிக்கியது. சஜ்ஜாத் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, கத்தியால் அறுத்து, பீடி பற்றவைக்கும் நேரத்தில் மறுபடி ஓட்டினார்.

"ரிப்பேர்னா எப்ப வருவீங்க?" என்று வெங்கிடாசலம் கேட்டார். அவருடைய தாளில் இல்லாத கேள்வி.

"பாலம் பிளாக் இல்லேன்னா இருபது நிமிசம். பிளாக்னா முப்பது."

"உயரம்?"

"உங்க உத்தரம் எவ்வளவுன்னு சொல்லுங்க. அதுக்கு ஒரு முழம் குறைச்சு வெட்டிடறேன்."

எல்லாம் சரி. வெங்கிடாசலம் மட்டும் அசையாமல் நின்றார். "கொட்டேஷன் வேணுமே" என்றார்.

"மெஷினும் இங்க நிக்குது, நானும் இங்க நிக்கிறேன். பின்னே எந்தா கொட்டேஷன்?" என்றார் சஜ்ஜாத்.

கடைசியில் வெங்கிடாசலமே ஒரு அட்டைத் துண்டில் சஜ்ஜாத்துக்காக எழுதி, சஜ்ஜாத்தைக் கையெழுத்துப் போடவைத்து, தன் பெயருக்கே மரியாதையாகச் சமர்ப்பித்துக்கொண்டார்.

ஓணத்துக்கு நாலு நாள் முன்னால் மெஷின் ஓடியது. பார்க்க வந்த அதிகாரி முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றி, காலியான தரையைக் கண்டு, தலையாட்டிவிட்டுப் போனார். ஏழு பெண்களுக்கும் வேலை நிலைத்தது. சங்கம் செயலாளருக்குப் பொன்னாடை போர்த்தியது. "தொலைநோக்கு" என்றார்கள். அவரும் நாற்பது நிமிடம் பேசினார். சரியான கம்பெனியைத் தேர்வதில் உள்ள அறிவியல் முறை, கட்டங்களின் அவசியம் என்று போனது பேச்சு. கூரையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கைதட்டல் அடங்கியதும், பொன்னாடையைக் கழற்றாமலே, அதை யாருக்காவது காட்டலாம் என்று பின்முற்றத்துக்கு வந்தார். மெஷினுக்குள் அட்டை அமுங்கி நின்றது. கட்டும் கயிற்றை அந்தப் பக்கம் தள்ளிவிட்டு, நிமிர்ந்தும் பார்க்காமல், "அந்த முனையைப் பிடிச்சு இழுங்க, யாரு நிக்கா?" என்றாள் அமுதவள்ளி.

வெங்கிடாசலம் இருபுறமும் பார்த்தார். வேறு யாரும் இல்லை. ஜரிகைப் பொன்னாடையை உருவி இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, குந்தி உட்கார்ந்து, கயிற்றின் முனையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார்.