இருநூற்றுப் பதினான்கு

மஹய்யாவயில் பச்சை குத்தும் சுரேஸ் மூன்றே கட்டளைகள்தான் போட்டான்: சவர்க்காரம் தொட்டு மெதுவாகக் கழுவு, வெயில் காட்டாதே, பொருக்கை உரிக்காதே. லோஜினி பரீட்சைக்குப் படிப்பதைப் போல அவற்றை மனதில் ஏற்றிக்கொண்டு ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஏறினாள். இடது முன்கையில், பிளாஸ்டிக் தாளுக்கு அடியில், அம்மாவின் இலக்கம் எரிந்துகொண்டிருந்தது. 214.

அம்மா நல்லம்மா இருபத்தெட்டு வருடம் கொழுந்து பறித்தவள். கொழுந்து நிறுக்கும்போது கணக்கப்பிள்ளை அந்த இலக்கத்தைத்தான் கூப்பிடுவார். அந்த உழைப்பில் படித்து, லயத்தின் முதல் பட்டதாரியாகி, இப்போது கண்டி டவுனில் ஒரு போன் கடையில் நிற்கிறாள் மகள். வேறு என்ன செய்து ஈடுகட்டுவது என்று தெரியாமல் தோலைக் கொடுத்திருந்தாள். வேலையிலிருந்து நின்று மூன்று மாதமான அம்மாவிடம், ஆறியதும் காட்டவேண்டும். அதுவரை நீளக்கைச் சட்டை.

மலையிலிருந்து வரும் பீலித் தண்ணீரை நம்பாமல், கொதிக்கவைத்து ஆறவைத்துக் கையைக் கழுவினாள்.

“யாருக்குடி கொதிதண்ணி? புள்ள பெத்தவ யாரும் வீட்ல இல்லியே,” என்றாள் அம்மா.

“மூஞ்சி கழுவத்தான்.”

“கம்பஸ் போன மூஞ்சிக்குப் பச்சத்தண்ணி ஆகாதோ.”

நான்காம் நாள் அரிப்பு தொடங்கியது. வாடிக்கையாளருக்கு போன் உறை காட்டும்போதே நகம் சட்டைக்கையைத் தேடிப் போனது. சொறியாமல் உள்ளங்கையால் தட்டிக்கொண்டாள். ஒன்பதாம் நாள் கடைசிப் பொருக்கும் தானாக உதிர்ந்தது. அன்று மாலை சட்டைக்கையைச் சுருட்டி, அம்மாவின் முன் கையை நீட்டினாள்.

அம்மா கையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். எச்சில் தொட்ட கட்டைவிரலால் ஒருமுறை தேய்த்தாள்.

“போகாதா?”

“போகாதும்மா. ஒனக்காகத்தான் குத்துனேன்.”

“இது டிலானி நம்பரு.”

லயத்தில் பக்கத்துக் காம்பிரா வீட்டுக்கு மருமகளாக வந்தவள் டிலானி. அம்மா வேலையிலிருந்து நின்ற மறுவாரமே அவளைப் பதிந்து, காலியான இலக்கத்தைக் கொடுத்திருந்தார்கள். லயத்திலேயே பிறந்து வளர்ந்தும், ஆள் போனால் இலக்கம் என்னவாகும் என்று லோஜினி ஒருநாளும் கேட்டதில்லை.

“இருவத்தெட்டு வருசத்துல மலையில ஒருத்தன் நல்லம்மான்னு கூப்புடல,” என்றாள் அம்மா. “நீ படிச்சவ. எம் பேர எழுதியிருக்கலாம்ல.”

பிறகு, எதுவும் நடக்காததைப் போல, தேத்தண்ணி ஊற்றப் போனாள்.

மறுநாள் மதியம் கடைக்கு இறங்கும்போது மடுவத்தில் கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்தார்கள்.

“எரநூத்திப் பதினாலு.”

டிலானி சாக்கைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனாள். லோஜினியின் கை அரித்தது. உச்சி வெயில். புதுத்தோலுக்கு இன்னும் இரண்டு வாரம் வெயில் ஆகாது என்று சுரேஸ் சொல்லியிருந்தான். சட்டைக்கையை மணிக்கட்டுவரை இழுத்து, பொத்தானைப் போட்டுக்கொண்டு அவள் இறங்கினாள்.