சீமெந்துக் கோயில்

டோக்கியோவுக்குப் போகும் விமானத்தின் சாப்பாட்டுத் தட்டுகளைப் பதினோரு வருடமாக அடுக்கி வருகிறேன். பிராங்பேர்ட் விமான நிலையத்தின் பின்பக்கம், குளிரூட்டிய மண்டபம் ஒன்றில், தலையில் வலைத்தொப்பியும் கையில் உறையுமாக நின்று செய்கிற வேலை. இடது மூலையில் பாண், வலது மூலையில் இனிப்பு, நடுவில் சலாட். அந்தத் தட்டு ஒருநாள் எனக்கு முன்னாலேயே வந்து இறங்கும் என்று நான் நினைத்ததில்லை. இறங்கியது. கரண்டி இல்லை. பின்னேர வேலைக்கு நிற்கிற ஏதோ ஒரு கண்கெட்டதின் வேலை என்று பக்கத்து இருக்கை ஜெர்மன்காரரிடம் சொன்னேன். அவர் பாவம், தன்னுடைய கரண்டியைத் தர வந்தார். எனக்குக் கரண்டியா தேவை, குற்றம் சொல்லக் கேட்க ஓர் ஆள் தேவை.

நான் ஊர் பார்க்கப் புறப்பட்டவள் அல்ல. மகளைக் கூட்டிவரப் புறப்பட்டவள். பிராங்பேர்ட்டில் அவள் வேலை செய்த கணினி நிறுவனம் அவளை இரண்டு வருடத்துக்கு டோக்கியோவுக்கு அனுப்பியிருந்தது. அந்த இரண்டு வருடம் முடிகிறது. திரும்பி வருகிறாயா, அங்கேயே நிரந்தரமாக இருக்கிறாயா என்று கேட்டிருந்தார்கள். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். நான் வியாழக்கிழமை போய் இறங்கினேன். கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. அவர் வேலை முடிந்த நேரங்களில், மகளின் அறைக்கு நான் தெரிந்துகொடுத்த இளம்பச்சை நிறத்தைப் பூசிக்கொண்டிருந்தார். "ஆளைக் கையோடை கூட்டிக்கொண்டு வாறன்" என்று அவரிடமும், ஜெர்மனி முழுக்கப் பரந்து கிடக்கிற சொந்தக்காரர் அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினேன்.

எப்படிக் கூட்டி வருவாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. கெஞ்சுவது எனக்கு வராது. அழுதால் மூக்கடைத்துவிடும். எனக்குக் கைவந்தது நக்கல் ஒன்றுதான். ஒரு பொருளை நான் நாலு பேருக்கு முன்னால் நக்கலடித்துவிட்டால், பிறகு அதை வைத்திருக்கிறவரால் ஆசையோடு பார்க்க முடியாது. என் மச்சாள் ஒருத்தி புதிதாக வாங்கிய சோபாவைப் பார்த்து, "இதென்ன, பல்லுப் பிடுங்குற கதிரையோ?" என்று கேட்டேன். ஆறு மாதத்தில் விற்றுவிட்டாள். ஒரு சோபாவுக்கு ஆறு மாதம் என்றால், டோக்கியோவுக்கு மூன்று நாள் போதும். என்னுடைய வாயில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

இந்த வாய் சும்மா வந்ததல்ல. ஜெர்மனிக்கு வந்த புதிதில் அகதிகள் விடுதியில் ஆறு குடும்பம் சமைக்க ஒரே ஒரு குசினி. பக்கத்து நகரத்துக்குப் போவதென்றாலும் ஒரு அன்ராக், அதுதான் விண்ணப்பம், எழுதிக் கொடுத்து, அலுவலகத்தில் முத்திரை குத்தும்வரை காத்திருக்க வேண்டும். சிரிப்பதற்கு மட்டும் அன்ராக் தேவைப்படவில்லை. அலுவலகத்துப் பெண்மணி மூக்கால் பேசுவதை நான் குசினியில் நடித்துக் காட்டுவேன். பெண்கள் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அந்தப் பத்து நிமிடம் மட்டும் நாங்கள் பெரிய ஆட்கள், அவள் சின்ன ஆள். அந்த ருசி பிடித்துப்போயிற்று. வீசா கிடைத்து, வீடு கிடைத்து, பிள்ளை பிறந்த பிறகும் நான் அதை விடவில்லை.

சனிக்கிழமை, பழைய டோக்கியோவைக் காட்டுகிறேன் என்று மகள் என்னை அசாகுசாவுக்குக் கூட்டிப்போனாள். வாசலில் ஒரு சிவப்பு வெளிச்சக்கூடு தொங்கியது, எங்கள் குளியலறையை விடப் பெரியது. வெசாக் பண்டிகைக்கு இந்தக் கூட்டைக் கட்டினவர்கள் இறக்க மறந்துபோனார்களோ என்று கேட்டேன். அதற்குக் கீழே நூறு பேர் அண்ணாந்து நின்று கூட்டின் அடிப்பக்கத்தைப் படம் எடுத்தார்கள். உலகத்தின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு வந்து, ஒரு கூட்டின் அடிப்பக்கத்தை! மகள் சிரித்தாள். டோக்கியோவுக்கு முதல் அடி விழுந்துவிட்டது என்று நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டேன்.

உள்ளே நீளமான கடைத்தெரு. விசிறி, பிளாஸ்டிக் வாள், பூனைப் பொம்மை. எல்லாக் கடையிலும் அதே விசிறி, அதே வாள், அதே பூனை. ஓரிடத்தில் சுடச்சுட அச்சில் வார்த்த சின்னக் கேக் விற்றார்கள். கடித்தால் உள்ளே அவித்து மசித்த இனிப்புப் பயறு. மோதகத்துக்கு மூஞ்சி வரைந்து வைத்திருக்கிறார்கள், வேறொன்றுமில்லை. அதைத் தின்றுகொண்டு நடக்கக் கூடாதாம். கடை வாசலிலேயே நின்று முடிக்க வேண்டுமாம். தின்னுவதற்கும் ஜெர்மன் அலுவலகம் மாதிரி நேரம் குறித்துத் தெர்மின் எடுக்க வேண்டுமோ என்று கேட்டேன். வாடகைக் கிமோனோ உடுத்த பெண்கள் தெருவை அடைத்துக்கொண்டு போனார்கள். அவர்களில் யப்பானியர் எத்தனை பேரோ தெரியாது. இரண்டு பெண்கள் ஜெர்மன் பேசியது எனக்கு விளங்கியது. ஒருத்திக்கு இடுப்புப் பட்டி இறுக்கி மூச்சு முட்டுதாம். மற்றவள் இன்னும் ரெண்டே ரெண்டு படம், பொறுத்துக்கொள் என்கிறாள். கறுப்புக் காற்சட்டையும் பெருவிரல் பிரிந்த சப்பாத்துமாக இளைஞர்கள் ரிக்ஷா இழுத்தார்கள். மனிதனை மனிதன் இழுப்பது வெட்கக்கேடு என்று எங்கள் பக்கம் எப்போதோ விட்ட தொழில். இங்கே அதற்கு வரிசையில் நிற்கிறார்கள்.

இதெல்லாவற்றையும் வாய்க்குள் வைத்திருக்கவில்லை. ஒன்றும் விடாமல் சொன்னேன். முதலில் சிரித்த மகள் பிறகு புன்னகைத்தாள், பிறகு அதுவும் இல்லை. என்னுடைய கண்ணால் பார்க்கத் தொடங்கிவிட்டாள், இனிக் கூட்டிப்போவது சுகம் என்று நான் நினைத்தேன். எவ்வளவு புத்திசாலி நான்.

தெருவின் முடிவில் பெரிய கோயில். முந்தியது முழுக்க மரத்தால் கட்டியதென்றும், போரில் குண்டு விழுந்து எரிந்துபோனதென்றும், பிறகு சனங்கள் சேர்ந்து கொங்கிரீட்டில் கட்டியது இது என்றும் மகள் சொன்னாள். அவள் அதைச் சொன்ன விதத்தில் ஒரு பெருமை இருந்தது, தன் வீட்டைக் காட்டுவதுபோல. எனக்குச் சுருக்கென்றது.

"சீமெந்துக் கோயிலைப் பாக்கவோ என்னைப் பதின்மூண்டு மணித்தியாலம் பறக்க வைச்சனீ?" என்றேன்.

பிராங்பேர்ட்டிலும் இதே கூத்துத்தான். போரில் அழிந்த பழைய நகரத்தை இப்போது புதிதாகக் கட்டி, பழைய நகரம் என்றே பெயரும் வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வருகிற விருந்தாளிகளை அங்கே கூட்டிப்போய், வயதைக் குறைத்துச் சொல்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள், கூட்டிச் சொல்கிறதை இன்றைக்குப் பாருங்கள் என்பேன். அந்தப் பகிடிக்கு ஒவ்வொரு முறையும் சிரிப்பு உண்டு. ஆனால் குண்டு விழுந்து எரிந்த கோயில் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாததல்ல. எங்கள் ஊரில், போர் நேரம், என் கண்ணால் பார்த்திருக்கிறேன். தெரிந்துகொண்டேதான் அப்படிச் சொன்னேன்.

மகள், தன்னோடு வேலை செய்கிற ஒருத்திக்குத் தாயத்து வாங்க வேண்டும் என்று வரிசையில் போய் நின்றாள். நான் தனியே நின்றேன். கோயிலுக்கு முன்னால் ஒரு கூரையின் கீழ் தண்ணீர்த் தொட்டி. அதன்மேல் நீளப் பிடி போட்ட அகப்பைகள் வரிசையாக இருந்தன. சனங்கள் தண்ணீர் மொண்டு இடது கையைக் கழுவினார்கள், வலது கையைக் கழுவினார்கள், கொஞ்சம் வாயைக் கொப்பளித்தார்கள், சப்பாத்துக் காலோடு கோயிலுக்குப் போனார்கள். அரைகுறைகள், என்று நினைத்தேன். ஊரெல்லாம் உழக்கின காலை விட்டுவிட்டு ஒரு கழுவலா? ஜெர்மனியில் எங்கள் கோயில் ஒரு பழைய களஞ்சியத்துக்குள் இருக்கிறது. அங்கேகூட வாசலில் ஒரு குழாயும் வாளியும் வைத்திருக்கிறோம். இவர்களுக்கு இவ்வளவு தண்ணீர் இருந்தும் முறை தெரியவில்லை.

சப்பாத்தைக் கழற்றினேன். காலுறையைக் கழற்றி அதற்குள் வைத்தேன். அகப்பை நிறைய மொண்டு வலது காலில் ஊற்றி, இடது காலால் குதியைத் தேய்த்தேன். பிறகு இடது கால். இப்படித்தான் செய்ய வேண்டும், பார்த்துப் பழகுங்கள் என்கிற மாதிரி ஆறுதலாக, மெதுவாகவே செய்தேன். மூன்றாவது தரம் மொள்ளக் கை நீட்டியபோதுதான் என்னைச் சுற்றி ஒருவரும் இல்லாததைக் கண்டேன். எல்லோரும் இரண்டு அடி பின்னால் போய் நின்றார்கள்.

வயதான ஒரு தொண்டர் ஓடி வந்தார். திட்டவில்லை. என் கையிலிருந்த அகப்பையை இரண்டு கையாலும் வாங்கினார். அதைக் கழுவினார். இன்னொரு முறை கழுவினார். மற்ற அகப்பைகளோடு வைக்காமல், தள்ளி, தனியாக வைத்தார். வாய் கொப்பளிக்கத் தண்ணீர் மொள்ளுகிற அகப்பையால் நான் காலைக் கழுவியிருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கு மண்டையில் ஏறியது. ஒருவராவது சிரித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சிரிப்புக்குத் திருப்பிக் கொடுக்க எனக்குத் தெரியும். அவர்கள் சிரிக்கவில்லை. வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள், நான் வெட்கப்படாமல் இருப்பதற்காக.

மகள் வந்து அந்த மனிதருக்கு முன்னால் குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டாள். ஏழெட்டு முறை குனிந்திருப்பாள். எனக்கு வாய் நிற்கவில்லை. "போதும், முதுகு உடைஞ்சு போகும்" என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. என்னைத் தள்ளிக் கூட்டிப்போய் ஒரு கல் வாங்கிலில் இருத்தி, கீழே குந்தி, தன் கைக்குட்டையால் என் காலைத் துடைத்தாள். விரலிடுக்கெல்லாம் துடைத்தாள். பிறகு பக்கத்தில் வந்து இருந்தாள்.

"அம்மா, நான் போன கிழமையே பதில் எழுதிப்போட்டன். இங்கதான் இருக்கப் போறன்."

ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னால் நக்கலடிப்பியள். ஒரு கிழமையாவது ஒருத்தரும் நக்கலடிக்காமல் அதை வைச்சிருக்க வேணும் போல இருந்தது."

அவள் கோபமாகப் பேசவில்லை, அதுதான் கஷ்டம். பழைய கதை ஒன்றைச் சொன்னாள்: தன்னுடைய பதினாலு வயதில், நான் வேலைக்குப் போயிருந்த நேரம், என் பிறந்தநாளுக்கு அவள் தனியே புட்டு அவித்தாளாம். நான் வந்து ஒரு வாய் வைத்துவிட்டு, இது புட்டில்லை, சீமெந்து, மதில் கட்டலாம் என்றேனாம். ஆம், சொன்னேன். நல்ல பகிடி அது. பதினேழு வருடமாகக் கலியாண வீடுகளில் அதைச் சொல்லி வருகிறேன்.

"அதுக்குப் பிறகு நான் புட்டு அவிச்சதேயில்லை. நீங்கள் அதைக் கவனிச்சனீங்களோ?"

நான் கவனிக்கவில்லை. பகிடிக்குத்தானே சொன்னேன் என்றேன்.

"ஓம். எல்லாரும் சிரிச்சவை," என்றாள். "இங்க நான் ஒரு சொல்லைப் பிழையாச் சொன்னால் ஒருத்தரும் சிரிக்கிறேல்லை. அதுக்காக மட்டும் நிக்கேல்லை, அம்மா. ஆனால் அதுக்காகவும்தான்."

நான் எத்தனையோ பேரின் மூக்கை உடைத்தவள். உடைபடுவது இப்படித்தான் இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. காலுறையையும் சப்பாத்தையும் போட்டேன். அவள் துடைத்தும் கால் இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. பிறகு அந்தச் சீமெந்துக் கோயிலுக்குள் போய், மகளுக்குப் பக்கத்தில் நின்று, ஒன்றும் கேட்காமல் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

பிராங்பேர்ட்டுக்குத் தனியே திரும்பினேன். கணவர் பூசிய பச்சை அறை காய்ந்து நல்லாகவே இருந்தது. அதற்குள் இப்போது துணி உலர்த்தும் கம்பி நிற்கிறது. சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகத் தொலைபேசி எடுத்தார்கள். மகள் வராத துக்கம் விசாரிக்க அல்ல. யப்பானைப் பற்றி நான் என்ன சொல்லப்போகிறேன் என்று கேட்க. வெசாக் கூட்டைச் சொன்னேன், மூஞ்சி வரைந்த மோதகத்தைச் சொன்னேன், மூச்சு முட்டின ஜெர்மன் பிள்ளையை நடித்தும் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் திருந்திவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அகப்பைக் கதையை மட்டும் ஒருவருக்கும் சொல்லவில்லை. சொன்னால் அதுதான் எல்லாவற்றிலும் பெரிய பகிடி என்று எனக்குத் தெரியும்.

ஒரு மாதம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை, மகள் வீடியோவில் வந்தாள். ஒரு கோப்பையைத் தூக்கிக் காட்டினாள். புட்டு. புட்டு அவிக்கிற நீத்துப்பெட்டி இல்லாமல், பானை வாயில் துணி கட்டி அவித்தாளாம். உதிரவில்லை. ஒரு பக்கம் களி, மறுபக்கம் கூழாங்கல். எனக்கு உடனே மூன்று வசனம் வந்தது. மூன்றும் அருமையானவை, எதை முதலில் சொல்வதென்றுதான் நாக்கு நமநமத்தது. பக்கத்திலிருந்த கணவர் சிரிக்கத் தயாராக என் முகத்தைப் பார்த்தார். மூன்றையும் விழுங்கினேன்.

"நல்லா வந்திருக்கு, பிள்ளை," என்றேன்.

அந்தப் பக்கம் கோப்பை கீழே போயிற்று. அவளுடைய முகம் திரைக்குக் கிட்டவாக வந்து, என்னை உற்றுப் பார்த்தது.

"அப்பா," என்று அவரைக் கூப்பிட்டாள். "அம்மாவுக்கு உடம்புக்கு ஏலாமல் இருக்கோ? எனக்கு மறைக்காமல் சொல்லுங்கோ."