ஏரித் தீவுக் கோட்டையில் மல்லிகா சொன்ன பதில்

1976 செப்டம்பர். மெல்பேர்னில் ட்ராம் நடத்துநராக இருந்த நான், மனைவி மல்லிகாவோடு லண்டன் போனேன். அவளுடைய அண்ணனைப் பார்க்கத்தான். அவர் வாசலிலேயே சொல்லிவிட்டார்: "ஞாயிறு சாப்பாட்டுக்கு எங்கட ஆக்கள் வருகினம். நீ மட்டும் வா, தங்கச்சி." நான் அவர்களுடைய சாதியில்லை. மல்லிகா கீழே வைத்த பெட்டியைத் திரும்பத் தூக்கினாள். அன்று செவ்வாய். ஞாயிறுவரை அங்கே இருக்கப் பிடிக்காமல் ஸ்கொட்லாந்துக்கு ரயிலேறினோம்.

கிளாஸ்கோவிலிருந்து ஓபன் என்ற துறைமுக ஊருக்கு மூன்று மணி நேரம். பிறகு பேருந்தில் இருபது மைல் போனால் ஒரு ஏரி, அதன் நடுவே பழைய கோட்டையோடு ஒரு தீவு. தீவுக்குப் படகுக் கூலி ஆளுக்கு ஐம்பது பென்ஸ். வழியெல்லாம் மழை. பிளாஸ்க் மூடியில் மல்லிகா ஊற்றித் தந்த தேநீரின் சூடு இன்றும் உள்ளங்கையில் இருக்கிறது.

மெல்பேர்னிலிருந்து வந்தோம் என்று நான் சொன்னதும், துடுப்புப் போட்டபடியே படகுக்காரர் கேட்டார்: "நீங்கள் யாருடைய ஆட்கள்?"

எனக்குச் சுள்ளென்றது.

"இஞ்சையும் வந்திட்டுதப்பா!" என்றாள் மல்லிகா. எங்கள் முகம் மாறியதைக் கண்டு, குலப்பெயர் கேட்பது இங்கே வழக்கம், தப்பாக நினைக்காதீர்கள் என்றார் அவர்.

கோட்டைக்குக் கூரை இல்லை. சுவர்களில் புதர் மண்டியிருந்தது. பந்தி மண்டபத்தைக் காட்டினார். மேல்கோடியில் குலத்தலைவர், வாசலோரம் குடியானவர்கள்.

"வாசலுக்கு இறைச்சி வந்து சேருமோ?" என்று மல்லிகா கேட்டாள்.

"எலும்பு வரும், அம்மா" என்று சிரித்தார். "பிறகு அதுவும் இல்லை. நூறு வருடத்துக்கு முன்பு, ஆடு மேய்க்க நிலம் வேண்டுமென்று தலைவரே எங்கள் குடிசைகளைக் கொளுத்தினார். பாதிப்பேர் உங்கள் மெல்பேர்னுக்குத்தான் கப்பலேறினார்கள்."

அவர்களுடைய பேரன் பூட்டன்மார் அதே தலைவரின் குலத்துக்குரிய கட்டம்போட்ட பாவாடையைக் கட்டி ஊர்வலம் போவதை ட்ராமிலிருந்து பார்த்திருக்கிறேன். வீட்டைக் கொளுத்தியவன் பெயரில் என்ன பெருமை! எங்கள் ஆட்களுக்கும் இதே வியாதிதான்.

மல்லிகா வாசலோரத்திலேயே நெடுநேரம் நின்றாள். "அண்ணாட மேசையும் இதுதான்" என்றாள்.

திரும்பும்போது படகுக்காரர் விடவில்லை. "நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லையே?"

"மெல்பேர்ன் ஆக்கள்" என்றாள் மல்லிகா. "ரெண்டு பேரும்."

போக நினைப்பவர்களுக்கு: தண்ணீர் புகாத சப்பாத்து வேண்டும். தீவில் கடை கிடையாது, சாப்பாடு கொண்டுபோங்கள். காற்றடித்தால் படகு இல்லை. அப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஓபனுக்குப் பேருந்தும் இல்லை. அண்ணன் வீட்டில் பந்தி நடந்த அந்த ஞாயிறு, நாங்கள் ஏரிக்கரையில் பாணும் சீஸும் சாப்பிட்டோம். பேருந்தைப் பற்றி மல்லிகா விசாரிக்கவே இல்லை.